உக்ரைன் யார் பேச்சை கேக்குது? அதிபர்களை தெருவுல நின்னு திருப்பின நாட்டைப் பத்தி ஒரு நீண்ட பதில்

உக்ரைன்ல யார் அதிபரா வந்தாலும் ஒண்ணு மாஸ்கோ பேச்சை கேப்பாங்க இல்ல வாஷிங்டன் பேச்சை கேப்பாங்க, அங்க சொந்தமா அரசியல்னு ஏதாவது இருக்கா, அப்புறம் ஜெலன்ஸ்கி பதவிக்காலம் முடிஞ்சும் ஏன் எலெக்‌ஷன் வைக்கலைன்னு ரெண்டு கேள்வி கேட்டிருக்கீங்க. எனக்கு ரெண்டும் ஒரே கேள்வியாதான் தெரியுது, அதனால சேத்தே சொல்றேன், கொஞ்சம் நீளும்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். உக்ரைனோட வெளியுறவுக் கொள்கை அதிபர் மாளிகையில முடிவானதை விட தெருவுலயும் பார்லிமெண்ட்லயும் முடிவானதுதான் அதிகம். அதிபர் ரஷ்யா பக்கம் சாஞ்சப்ப ஜனங்க தடுத்திருக்காங்க, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா மேற்கு நாடுகள் உக்காந்து பேசி முடிச்சு கொடுத்த ஒப்பந்தத்தையும் அதே ஜனங்க தூக்கி எறிஞ்சிருக்காங்க, பொம்மை நாடுன்னு சொல்றவங்க இந்த பகுதியை சொல்றதே இல்லை.

ஆரம்பத்துலேயே இது இருக்கு. 1991 ஆகஸ்ட் 1 அன்னிக்கு அமெரிக்க அதிபர் புஷ் (அப்பா புஷ்) கீவ் பார்லிமெண்ட்ல வந்து நின்னு, சோவியத் யூனியனை விட்டு அவசரப்பட்டு போகாதீங்க, தற்கொலைத்தனமான தேசியவாதம் வேணாம்னு பேசிட்டு போனார். அமெரிக்காவுக்கு அப்போ கோர்பச்சேவ் நிலைச்சு இருக்கணும், அணு ஆயுதம் நாலு நாட்டு கையில சிதறக்கூடாது, அதுதான் கவலை. அந்த மாசம் முடியறதுக்குள்ள, ஆகஸ்ட் 24-ல உக்ரைன் பார்லிமெண்ட் சுதந்திரம் அறிவிச்சிடுச்சு. டிசம்பர் 1-ல பொது வாக்கெடுப்பு, 90 சதவீதத்துக்கு மேல ஆமான்னு ஓட்டு. கிழக்கு பக்கம் எல்லாம் ரஷ்யா மனசுன்னு இன்னிக்கு பேசறாங்களே, டொனெட்ஸ்க்லயும் லுஹான்ஸ்க்லயும் 80 சதவீதத்துக்கு மேல ஆமாதான், கிரைமியாவுல மட்டும்தான் ஒட்டி வந்தது, அங்கயும் பாதிக்கு மேல, 54 சதவீதம். இந்த ஒரு கணக்கை மனசுல வச்சுக்கிட்டு மத்ததை படிங்க.

முதல் அதிபர் கிராவ்சுக், ரெண்டாவது லியோனிட் குச்மா. குச்மா டினிப்ரோபெட்ரோவ்ஸ்க்ல ராக்கெட் தொழிற்சாலை நடத்தினவர், 1994-ல ரஷ்யாவோட நெருக்கமா இருப்பேன்னு சொல்லித்தான் கிழக்கு ஓட்டுல ஜெயிச்சார். ஜெயிச்சு என்ன பண்ணார்? அந்த வருஷம் டிசம்பர்ல புடாபெஸ்ட்ல கையெழுத்து போட்டு, உலகத்துலேயே மூணாவது பெரிய அணு ஆயுதக் குவியலை விட்டுக் கொடுக்க ஒத்துக்கிட்டு அதுக்கு பதிலா அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூணு பேர் கிட்டயும் எல்லையை மதிப்போம்னு எழுதி வாங்கினார், 1997-ல ரஷ்யாவோட நட்பு ஒப்பந்தமும் போட்டார், அதே வருஷம் நேட்டோவோட கூட்டு சாசனமும் போட்டார். ரெண்டு பக்கமும் பேசுவோம், ரெண்டு பக்கமும் வாங்குவோம், யார் வீட்டுக்குள்ளயும் முழுசா போக மாட்டோம்னு ஒரு கணக்கு. இதுக்கு கொள்கை காரணம் கொஞ்சம், பணக் காரணம் நிறைய. அந்த காலத்துலதான் ஒலிகார்க்குங்கற, அரசியலையும் கையில வச்சிருக்கற பெரும் பணக்கார முதலாளிங்க கூட்டம் உருவாச்சு, டொனெட்ஸ்க் பக்கம் ஸ்டீலும் நிலக்கரியும் வச்சிருந்த அக்மெதோவ், டினிப்ரோ பக்கம் பேங்க் வச்சிருந்த கொலமொய்ஸ்கி, குச்மாவோட மருமகன் பின்சுக், இவங்களுக்கு ரஷ்யாவுலேர்ந்து மலிவா கேஸ் வேணும், செஞ்ச ஸ்டீலை விக்க மேற்குல மார்க்கெட் வேணும், ஆனா ரஷ்ய முதலாளி உள்ள வந்து தன் கம்பெனியை வாங்கிடக் கூடாது, மேற்கத்திய சட்டமும் உள்ள வந்து தன் கணக்கை தோண்டக் கூடாது. நடுவுல நிக்கறதுதான் அவங்களுக்கு லாபம். ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு டிவி சேனல், பார்லிமெண்ட்ல ஒரு கூட்டம் எம்பிங்க. கட்சிகளுக்கே தலைவர் பேரைத்தான் வைப்பாங்க, யூலியா திமோஷென்கோ பிளாக், பெட்ரோ பொரோஷென்கோ பிளாக்னு, தலைவர் போனா கட்சியும் போயிடும். தமிழ்நாட்டு வாசகருக்கு இதை ரொம்ப விளக்க வேண்டியதில்லைன்னு நினைக்கறேன்.

2000-ல ஹியோர்ஹி கொங்காட்ஸேங்கற பத்திரிகையாளர் காணாம போய் தலையில்லாத உடம்பா கிடைச்சார். குச்மா ரூம்ல ரகசியமா பதிவு பண்ணினதா சொல்லி டேப் வெளிய வந்தது, அதுல அந்த பத்திரிகையாளரை ஏதாவது பண்ணுங்கன்னு பேசற குரல். அங்கேர்ந்து தெரு அரசியல் சூடு பிடிச்சு 2004-ல வெடிச்சது. அந்த வருஷ அதிபர் தேர்தல்ல மேற்கு பக்கம் சாஞ்ச எதிர்க்கட்சி வேட்பாளர் யுஷ்சென்கோவுக்கு டையாக்ஸின் விஷம் வச்சு முகமே மாறிப் போச்சு, நவம்பர்ல ரெண்டாவது சுற்றுல குச்மாவோட பிரதமர் யானுகோவிச் ஜெயிச்சதா அறிவிக்கறாங்க, அதிகாரபூர்வ முடிவு வர்றதுக்கு முன்னாடியே புடின் வாழ்த்து சொல்லிட்டார், லட்சக்கணக்குல ஜனங்க கீவ் சதுக்கத்துல பனியில கூடாரம் போட்டு உக்காந்தாங்க. கடைசியா உச்ச நீதிமன்றம் டிசம்பர் 3-ல அந்த ரெண்டாவது சுற்றே செல்லாதுன்னு சொல்லி மறுபடி ஓட்டு போட வச்சு யுஷ்சென்கோ 52க்கு 44-னு ஜெயிச்சார். இந்த நீதிமன்றத் தீர்ப்பை நிறைய பேர் மறந்துடறாங்க. மாஸ்கோவுல இதை சிஐஏ வேலைன்னு சொன்னாங்க, இன்னிக்கும் அதான் சொல்றாங்க, ஆனா அந்த சமரசத்தோட விலையா அதிபர் அதிகாரத்தை பார்லிமெண்ட் வெட்டினதும் அதே மாசம்தான், யுஷ்சென்கோ பதவிக்கு வர்றதுக்கு முன்னாடியே அவர் கையை கட்டறது முடிவாயிடுச்சு. எந்த வெளிநாட்டு எஜமானன் தன் ஆளுக்கு அப்படி ஒரு பதவியை வாங்கிக் கொடுப்பான்?

இப்போ கேஸ் கதை. இதை புரிஞ்சுக்காம உக்ரைனோட உள்நாட்டையும் வெளிநாட்டையும் புரிஞ்சுக்கவே முடியாது. ரஷ்ய கேஸ் ஐரோப்பாவுக்கு போற பெரிய குழாய் எல்லாம் உக்ரைன் வழியா போச்சு. உக்ரைன்ல வீட்டுக்கு கொடுக்கற கேஸ் விலையை எந்த அரசும் ஏத்தாது, ஓட்டு போயிடும், அதனால அரசு கம்பெனி நாஃப்டோகாஸ் வருஷா வருஷம் நஷ்டம். வீட்டு விலைக்கும் தொழிற்சாலை விலைக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இருந்தா என்ன ஆகும், வீட்டுக்குன்னு கணக்கு எழுதி தொழிற்சாலைக்கு விக்கறவன் கோடீஸ்வரன் ஆவான். இதுக்கு மேல ஒரு இடைத்தரகு கம்பெனி, ரோஸ்உக்ரெனெர்கோன்னு பேரு, சுவிட்சர்லாந்துல பதிவு, பாதி பங்கு ரஷ்ய அரசோட காஸ்ப்ரோம், மீதி பாதியில பெரும்பங்கு டிமிட்ரோ ஃபிர்டாஷ்ங்கற உக்ரைன் வியாபாரி. ரெண்டு நாட்டுக்கும் நடுவுல குழாய் இருக்கு, ரெண்டு அரசு கம்பெனியும் இருக்கு, அப்புறம் நடுவுல ஒரு தரகன் எதுக்கு? அந்த தரகுப் பணம்தான் உக்ரைன் அரசியலை ஓட்டுச்சு, அதுவழியாத்தான் மாஸ்கோவோட கை கீவ் வரைக்கும் நீண்டுச்சு. 2006 ஜனவரியில ஒரு தடவை, 2009 ஜனவரியில ரெண்டு வாரம் கேஸை நிறுத்தினாங்க, பல்கேரியா, ஸ்லோவாக்கியா எல்லாம் குளிர்ல நடுங்குச்சு. 2009-ல பிரதமரா இருந்த திமோஷென்கோ புடினோட நேரடியா பேசி தரகனை வெட்டி விட்டாங்க, ஆனா விலை ஃபார்முலா ரொம்ப மோசமா அமைஞ்சது. அந்த ஒப்பந்தத்தைக் காட்டியே 2011-ல யானுகோவிச் ஆட்சியில அவங்களுக்கு 7 வருஷம் ஜெயில். அவங்களை விடுங்கன்னு ஐரோப்பிய யூனியன் கேட்டுச்சு, விடாம சங்க ஒப்பந்தத்துல (உக்ரைன் வர்த்தகத்துலயும் சட்டத்துலயும் ஐரோப்பாவோட நெருங்கற அசோசியேஷன் ஒப்பந்தம்) கையெழுத்து போட மாட்டோம்னு சொல்லுச்சு. ஒரு கேஸ் பில் எப்படி உள்நாட்டுப் பழிவாங்கலாகி அது எப்படி ஐரோப்பா ஒப்பந்தத்துக்கே முட்டுக்கட்டையாச்சுன்னு பாருங்க, ரெண்டையும் பிரிக்கவே முடியாது.

யானுகோவிச் 2010-ல நியாயமாவே ஜெயிச்சார், திமோஷென்கோவை 3 சதவீத சொச்சத்துல. வந்து ரெண்டு மாசத்துல, ஏப்ரல்ல கார்கிவ்ல ரஷ்ய அதிபர் மெத்வெதேவோட ஒப்பந்தம், செவாஸ்டோபோல்ல ரஷ்ய கடற்படை 2017-ல காலி பண்ண வேண்டியதை 2042 வரைக்கும் இருக்கலாம்னு எழுதிக் கொடுத்துட்டு கேஸ்ல தள்ளுபடி வாங்கினார். அதை பார்லிமெண்ட்ல ஓட்டுக்கு விட்ட அன்னிக்கு நடந்ததை வீடியோவுல பாத்தவங்க மறக்க மாட்டாங்க. சபைக்குள்ள புகைகுண்டு, சபாநாயகர் லிட்வின் மேல முட்டை முட்டையா பறக்குது, ரெண்டு பக்கமும் ஆளுங்க கறுப்புக் குடை பிடிக்க அந்த குடைக்கடியில உக்காந்து அவர் ஓட்டெடுப்பை நடத்தி முடிக்கறார். 236 ஓட்டு, நிறைவேறிடுச்சு. நாலு வருஷத்துல அந்த செவாஸ்டோபோல்லேர்ந்துதான் ரஷ்யப் படை கிரைமியாவை எடுத்துச்சு.

ஆனா யானுகோவிச்சை முழு ரஷ்ய ஆளுன்னு சொல்றதும் தப்பு. ஐரோப்பிய யூனியனோட சங்க ஒப்பந்தத்தை பேசி முடிச்சது அவர் அரசுதான், மூணு வருஷம் தன் கட்சிக்காரங்களுக்கு அதை நியாயப்படுத்திக்கிட்டு இருந்தவர் அவர்தான். 2013 ஆகஸ்ட்ல ரஷ்யா எல்லையில உக்ரைன் சரக்கு லாரிகளை எல்லாம் நிறுத்தி நெருக்கினாங்க, கஜானா காலி, ஐஎம்எஃப் கேஸ் விலையை ஏத்த சொல்லுது, 2015-ல தேர்தல். நவம்பர் 21-ல ஒப்பந்த வேலையை நிறுத்தி வைக்கறோம்னு அரசு அறிவிச்சது, திமோஷென்கோவை சிகிச்சைக்கு வெளிநாடு அனுப்பற மசோதாக்களையும் அதே நாள்ல பார்லிமெண்ட் தோற்கடிச்சது. அன்னிக்கு ராத்திரி சில ஆயிரம் பேர் சதுக்கத்துக்கு வந்தாங்க, அவ்வளவுதான், அது அப்படியே கரைஞ்சிருக்கும். நவம்பர் 30 விடியக்காலை அங்க இருந்த மாணவர்களை பெர்குட் கலவரப் போலீஸ் அடிச்சு நொறுக்குச்சு. மறுநாள் லட்சக்கணக்குல வந்தாங்க, அவங்க வந்தது பிரஸ்ஸல்ஸ் ஒப்பந்தத்துக்காக இல்லை, பிள்ளைங்களை அடிச்சதுக்காக. இது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயமா படுது, வெளியுறவுப் போராட்டம்னு ஆரம்பிச்சது ஒரே ராத்திரியில போலீஸ் ராஜ்யத்துக்கு எதிரான போராட்டமா மாறிடுச்சு.

பிப்ரவரி 2014-ல துப்பாக்கிச் சூட்டுல நூறு பேர் கிட்ட செத்தாங்க. அதுக்கப்புறம் 21-ஆம் தேதி ஜெர்மனி, போலந்து வெளியுறவு அமைச்சர்களும் பிரான்ஸ் பிரதிநிதியும் கூட இருந்து ஒரு சமரசம் எழுதினாங்க, யானுகோவிச் டிசம்பர் வரைக்கும் பதவியில இருக்கலாம், அதுக்குள்ள தேர்தல்னு. எதிர்க்கட்சித் தலைவர்கள் கையெழுத்து போட்டுட்டு சாயங்காலம் மேடைக்கு வந்தா கூட்டம் கூச்சல் போட்டு அவங்களை விரட்டுது, ஒரு இளைஞன் மைக்கை வாங்கி நாளைக்கு காலை 10 மணிக்குள்ள அவர் ராஜினாமா பண்ணலைன்னா நாங்க ஆயுதத்தோட போறோம்னு சொல்றான். ராத்திரியே யானுகோவிச் கீவை விட்டு கிளம்பிட்டார். மறுநாள் அவர் சொந்த கட்சிக்காரங்களும் சேந்து 328 ஓட்டுல பார்லிமெண்ட் அவரை நீக்குச்சு. மேற்கு நாடுகளோட திட்டம் அவர் டிசம்பர் வரை இருக்கணும்ங்கறதுதான்!

அதுக்கப்புறம் ரஷ்யா கிரைமியாவை எடுத்தது, கிழக்குல டான்பாஸ்ல (டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க் பகுதி) ரஷ்ய ஆதரவு பிரிவினைவாதிகளோட சண்டை, எல்லாம் நீங்க படிச்சிருப்பீங்க, வேகமா போயிடறேன். நேட்டோ விஷயத்துல ஒண்ணு மட்டும் சொல்லணும். 2014-க்கு முன்னாடி நேட்டோவுல சேரணும்னு கேட்டா உக்ரைன்ல ஆமான்னு சொன்னவங்க எப்பவும் பாதிக்கு ரொம்பக் கீழதான், 2010-ல எந்த அணியிலயும் சேர மாட்டோம்னு சட்டமே போட்டிருந்தாங்க, கிரைமியா போனப்ப அந்த சட்டம் அமல்ல இருந்தது. நேட்டோவுக்கு பயந்துதான் ரஷ்யா வந்ததுன்னு சொல்றவங்க இந்த தேதியை எங்க வைப்பாங்கன்னு தெரியலை. அந்த சட்டத்தை ரத்து பண்ணினது 2014 டிசம்பர்ல, நேட்டோவும் ஐரோப்பிய யூனியனும்தான் பாதைன்னு அரசியலமைப்புல எழுதினது 2019 பிப்ரவரியில.

2014-ல அதிபரான பொரோஷென்கோ காலத்துல, டான்பாஸ் சண்டையை நிறுத்தறதுக்கு மின்ஸ்க் ஒப்பந்தம். ஜெர்மனியும் பிரான்ஸும் பக்கத்துல நின்னு போட வச்சது, பிரிவினைப் பகுதிகளுக்கு தனி அந்தஸ்து கொடுக்கற மாதிரி அரசியலமைப்பை மாத்தணும். 2015 ஆகஸ்ட் 31-ல அதுக்கான திருத்தம் முதல் ஓட்டுல தேறுச்சு, அதே நேரம் பார்லிமெண்ட் வாசல்ல ஒருத்தன் கையெறி குண்டு வீசி காவலுக்கு நின்ன தேசியக் காவல்படை வீரர்கள் செத்தாங்க. கூட்டணிக் கட்சி ஒண்ணு விலகுச்சு, இறுதி ஓட்டுக்கு தேவையான 300 கடைசி வரைக்கும் சேரலை. மெர்க்கலும் ஒலாந்தும் எவ்வளவோ அழுத்தினாங்க, நடக்கலை.

2019-ல ஜெலன்ஸ்கி. க்ரிவி ரிஹ் ஊர்ல பொறந்த, ரஷ்ய மொழி பேசி வளந்த காமெடி நடிகர், டிவி தொடர்ல அதிபரா நடிச்சவர், அந்த தொடர் பேரையே கட்சிக்கு வச்சார், தொடர் வந்தது கொலமொய்ஸ்கியோட சேனல்ல. 73 சதவீதம் ஓட்டு. எதுக்கு விழுந்தது? ராணுவம், மொழி, மதம்னு முழங்கின பொரோஷென்கோவுக்கு எதிரா, போரை நிறுத்தறேன், புடினோட பேசறேன்னு சொன்னதுக்கு விழுந்தது. இதை இப்போ யாருமே ஞாபகம் வச்சுக்கறதில்லை, அவர் சமாதான வேட்பாளர். செப்டம்பர்ல 35க்கு 35 கைதிகள் பரிமாற்றம் பண்ணார், படைகளை விலக்க ஒத்துக்கிட்டார், கீவ்ல சரணாகதி வேணாம்னு ஊர்வலம் போனாங்க. அக்டோபர்ல லுஹான்ஸ்க் பக்கம் ஸொலோட்டேங்கற ஊருக்கு அவரே போய் அங்க இருந்த உக்ரைன் தரப்பு தன்னார்வப் படை முன்னாள் வீரர்கள் கிட்ட ஆயுதத்தை எடுத்துட்டு போங்கன்னு வாதாடின வீடியோ இருக்கு, ஒருத்தர் பேச்சை மாத்தப் பாக்கறார், இவர் கோவப்பட்டு நான் இந்த நாட்டு அதிபர், எனக்கும் நாப்பது வயசு தாண்டியாச்சு, ஏமாளின்னு நினைக்காதீங்கங்கற மாதிரி பேசறார். டிசம்பர்ல பாரிஸ்ல புடினை நேர்ல பாத்தார், ஒண்ணும் நகரலை. ரஷ்ய எல்லை முதல்ல உக்ரைன் கட்டுப்பாட்டுக்கு வரணுமா, இல்ல பிரிவினைப் பகுதியில உள்ளூர் தேர்தல் முதல்லயாங்கற இடத்துலயே நின்னு போச்சு. 2021 பிப்ரவரியில, புடினை தன் பொண்ணுக்கு ஞானத்தந்தையா வச்சிருக்கற ரஷ்ய ஆதரவு உக்ரைன் அரசியல்வாதி மெத்வெட்சுக்கோட கட்டுப்பாட்டுல இருந்த மூணு டிவி சேனலை மூடினார். சமாதானம் பேச வந்தவர் அந்த இடத்துக்கு வந்து சேந்ததுக்கு யாரும் ரிமோட் அமுக்க வேண்டியிருக்கலை, பேசிப் பாத்து பலன் இல்லாம போனதுதான் காரணம்.

2022 பிப்ரவரி 24. ரஷ்யாவோட கணக்கு என்னன்னா கிழக்கும் தெற்கும் தானா கதவைத் திறக்கும்னு. க்ரிவி ரிஹ்ல நகரப் பாதுகாப்பை நடத்தின வில்குல் யானுகோவிச் கட்சியில பெரிய ஆளா இருந்தவர், ரன்வேயில லாரியும் கனரக வண்டியும் நிறுத்தி விமானம் இறங்காம பண்ணினது அந்த ஆளு. கார்கிவ், ஒடெஸா மேயர்களும் பழைய ரஷ்ய ஆதரவு அரசியல்லேர்ந்து வந்தவங்க, ஓடலை. இதுக்கு நாட்டுப்பற்று ஒரு காரணம், இன்னொண்ணு 2014-க்கு அப்புறம் நடந்த அதிகாரப் பரவலாக்கம், தனிநபர் வருமான வரியில பெரும்பங்கு உள்ளாட்சிக்கே போனதால மேயர்களுக்கு காப்பாத்திக்கறதுக்குன்னு சொந்தமா ஒண்ணு இருந்தது. இந்த சீர்திருத்தத்தைப் பத்தி யாரும் பேசறதில்லை, நான் பாத்த வரைக்கும் அந்த நாட்டைக் காப்பாத்தினதுல அதுக்கு பெரிய பங்கு.

போர் வந்த பிறகு அரசியல் செத்துப் போச்சா? முதல் சில மாசம் அப்படித்தான் இருந்தது. 2023 ஜனவரியில ஒரு பத்திரிகையாளர் ராணுவத்துக்கு சாப்பாடு வாங்கற ஒப்பந்தத்தை வெளியிட்டார், கீவ் கடையில ஒரு முட்டை 7 ஹ்ரிவ்னியா (உக்ரைன் பணம்), ராணுவம் வாங்கறது 17. துணை அமைச்சர் உடனே போனார், பாதுகாப்பு அமைச்சர் ரெஸ்னிகோவ் செப்டம்பர்ல போனார். 2024 பிப்ரவரியில ஜனங்க கிட்ட அதிபரை விட நம்பிக்கை பெற்ற தளபதி ஸாலுஷ்னியை ஜெலன்ஸ்கி மாத்தினார், அப்புறம் லண்டனுக்கு தூதரா அனுப்பினார், அது போர்க் காரணமா அரசியல் காரணமான்னு இன்னிக்கும் சண்டை நடக்குது, என் அபிப்ராயம் ரெண்டும் கலந்தது. அதிகாரம் பூரா அதிபர் அலுவலகத்துல, அதுலயும் அந்த அலுவலகத் தலைவரா இருந்த யெர்மாக்ங்கற ஒரே ஆள் கையில குவிஞ்சது நிஜமான பிரச்சினை, அதை உக்ரைன்காரங்களே எங்கயும் மறைக்கலை.

2025 ஜூலை 22 கதைக்கு வர்றேன். நாபுன்னு ஒரு ஊழல் தடுப்பு புலனாய்வு அமைப்பு இருக்கு, 2015-ல மேற்கு நாடுகளும் உள்ளூர் ஆர்வலர்களும் சேந்து அழுத்திக் கொண்டு வந்தது, அதுக்கு தனி அரசு வழக்கறிஞர் அலுவலகம். இவங்க அதிபருக்கு நெருங்கின ஒரு துணைப் பிரதமர் மேல வழக்கு போட்டாங்க. ஜூலை 21-ல உளவுத்துறை நாபு அதிகாரிகள் வீட்டுல ரெய்டு, ரஷ்யத் தொடர்பாம். மறுநாள் பார்லிமெண்ட் 263 ஓட்டுல ரெண்டு அமைப்பையும் தலைமை அரசு வழக்கறிஞர் (பிராசிக்யூட்டர் ஜெனரல்) கைக்குள்ள கொண்டு வர சட்டம் போட்டுச்சு, அன்னிக்கே அதிபர் கையெழுத்து. அன்னிக்கு சாயங்காலமே கீவ்ல அதிபர் அலுவலகத்துக்கு பக்கத்துல இவான் ஃபிராங்கோ தியேட்டர் முன்னாடி கூட்டம், பெரும்பாலும் இருபது வயசுக்காரங்க, பார்சல் அட்டைப்பெட்டியை கிழிச்சு மார்க்கர்ல எழுதின பலகை. லிவிவ், டினிப்ரோ, ஒடெஸாவுலயும். ராணுவச் சட்டம் அமல்ல இருக்கு, கூட்டம் போட அனுமதி இல்லை, ட்ரோன் வேற வருது, ஆனா வந்தாங்க, போலீஸ் அடிக்கலை. 2013 என்னாச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருந்திருக்கும். ஐரோப்பிய யூனியனும் பணத்தை நிறுத்துவேன்னு நெருக்குச்சு, அதை நான் குறைச்சு சொல்லலை, ஆனா ட்ரம்ப் அரசு இதைப் பத்தி பெரிசா வாயே திறக்கலை, திருப்பினது முக்கியமா அந்த அட்டைப்பெட்டிப் பிள்ளைங்கதான். 31-ஆம் தேதி அதே பார்லிமெண்ட், நேரலையில, 331 ஓட்டுல பழைய அதிகாரத்தை திருப்பிக் கொடுத்துச்சு, எதிர்ப்பு ஓட்டு ஒண்ணு கூட இல்லை.

அப்படி திருப்பிக் கொடுத்ததோட பலன் நவம்பர்ல தெரிஞ்சது. அணு மின்சாரக் கம்பெனி எனெர்கோஆட்டம் கான்ட்ராக்ட்ல 10-லேர்ந்து 15 சதவீதம் கமிஷன், மொத்தம் 10 கோடி டாலர் அளவுக்குன்னு நாபு டேப்போட வெளியிட்டுச்சு. நடுவுல இருந்ததா சொல்லப்பட்ட மிண்டிச், ஜெலன்ஸ்கியோட பழைய சினிமாத் தொழில் கூட்டாளி, ரெய்டுக்கு முன்னாடியே நாட்டை விட்டு போயிட்டார். ஜனங்க குளிர்ல கரண்ட் இல்லாம உக்காந்திருக்கற நேரம். ரெண்டு அமைச்சர் பதவி போச்சு. நவம்பர் 28-ல யெர்மாக் வீட்டுல சோதனை, அன்னிக்கே ராஜினாமா. அவர் யாருன்னு பாருங்க, அமெரிக்காவோட 28 அம்ச சமாதானத் திட்டத்தைப் பத்தி பேசற உக்ரைன் குழுவுக்கு அவர்தான் தலைவர். பேச்சுவார்த்தை உச்சத்துல இருக்கும்போது தன் நாட்டு தலைமைப் பேச்சாளர் வீட்டுல சோதனை போட ஒரு உள்நாட்டு அமைப்பால முடியுதுன்னா அந்த நாட்டுல அரசியல் உயிரோட இருக்குன்னுதான் அர்த்தம். குழுவோட தலைமை உமெரோவ் கைக்கு போச்சு, கிரைமியா தாதார் இனத்தவர்.

வெளிநாட்டு உறவுகளை சுருக்கமா சொல்றேன். அமெரிக்காவோட நெருக்கடி நீங்க டிவியில பாத்தது, 2025 பிப்ரவரி 28-ல வெள்ளை மாளிகையில ட்ரம்புக்கும் ஜெலன்ஸ்கிக்கும் நடந்த வாக்குவாதம். கனிம ஒப்பந்தம் ஏப்ரல் 30-ல கையெழுத்தாச்சு, முதல்ல வந்த வரைவுல கேட்ட பழைய உதவிக்கான கடன் பாக்கி கடைசி வடிவத்துல இல்லை, அது உக்ரைன் பக்கம் பேசி வாங்கினது. போலந்து ஆரம்பத்துல லட்சக்கணக்கான அகதிகளுக்கு வீட்டைத் திறந்து கொடுத்த நாடு, 2023-ல உக்ரைன் தானியம் தன் விவசாயி விலையை கெடுக்குதுன்னு இறக்குமதியை தடுத்துச்சு, அப்புறம் லாரிக்காரங்க எல்லையை மறிச்சாங்க, உக்ரைன் தேசியவாதப் படை போலந்துக்காரங்களைக் கொன்ன 1943 வோலின் படுகொலை வேற ஆறாத ரணமா நடுவுல இருக்கு. ஹங்கேரிக்கு சண்டையோட ஆரம்பம் ஸகர்பாட்டியா பகுதி ஹங்கேரிய சிறுபான்மையினரோட பள்ளி மொழி, 2017 கல்விச் சட்டம். ஹங்கேரி பிரதமரா இருந்த ஓர்பான் அதை பிடிச்சுக்கிட்டு நேட்டோவுலயும் ஐரோப்பிய யூனியன்லயும் முட்டுக்கட்டை போட்டார், 2023 டிசம்பர்ல பேச்சுவார்த்தை தொடங்கற முடிவு எடுத்தப்ப அவர் ரூமை விட்டு வெளிய போனதாலதான் அது நிறைவேறுச்சு. மொழிச் சட்டத்துல உக்ரைன் இன்னும் பெருந்தன்மையா நடந்திருக்கலாம்ங்கறது என் கருத்து. இந்தியா ஐநா ஓட்டுல 2022 மார்ச்ல ஒதுங்கி நின்னுச்சு, நம்ம ஊர் மெடிக்கல் மாணவர்கள் கார்கிவ்லயும் சுமியிலயும் மாட்டிக்கிட்டிருந்த வாரம் அது. 2024 ஆகஸ்ட்ல மோடி கீவ் போனார், ஒரு இந்தியப் பிரதமர் அங்க போனது அதுதான் முதல் தடவை.

இப்போ எலெக்‌ஷன். ஜெலன்ஸ்கியோட அஞ்சு வருஷம் 2024 மே 20-ல முடிஞ்சது நிஜம். ஆனா ராணுவச் சட்டம் அமல்ல இருக்கும்போது தேர்தல் நடத்தக் கூடாதுன்னு ராணுவச் சட்டத்துலயே இருக்கு, அது அவர் போட்டதில்லை, அவருக்கு முன்னாடியே இருந்தது. அடுத்த அதிபர் பதவியேற்கற வரைக்கும் இருக்கறவர் தொடரணும்னு அரசியலமைப்பு 108-ஆவது பிரிவு. ராணுவச் சட்டத்தை அதிபர் தானா நீட்டிக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் பார்லிமெண்ட்ல ஓட்டு. 2025 பிப்ரவரியில ட்ரம்ப் அவரை தேர்தல் இல்லாத சர்வாதிகாரின்னு சொன்னதும், அவர் சட்டப்படியான அதிபர்தான்னு பார்லிமெண்ட்ல தீர்மானம் கொண்டு வந்தாங்க, ஐரோப்பியத் தலைவர்கள் கீவ்ல இருந்த அன்னிக்கே தேவையான 226 ஓட்டு சேராம முதல் தடவை தோத்துச்சு, மறுநாள்தான் 268-ல தேறுச்சு. முழுக்க கைக்குள்ள இருக்கற பார்லிமெண்ட்டா இருந்தா விருந்தாளி வந்த நாள்ல அப்படி தோக்க விடுவாங்களா. அவரோட பரம எதிரியான பொரோஷென்கோவே போர் நடக்கும்போது தேர்தல் வேணாம்னுதான் சொன்னார். லட்சக்கணக்கான பேர் முன்னணியில, பல லட்சம் பேர் வெளிநாட்டுல, கணிசமான நிலம் ஆக்கிரமிப்புல, ஓட்டுச் சாவடி மேல ஏவுகணை விழாதுன்னு யார் உத்தரவாதம் கொடுப்பாங்க?

ஆனா தேர்தலை விட எனக்கு பெரிசா தெரியறது வேற. நிலத்தை விட்டுக் கொடுத்து சமாதானம்னு பேச்சு வருதில்ல, அதிபர் கையெழுத்து போட்டா போதும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அரசியலமைப்பு 73-ஆவது பிரிவுப்படி நாட்டு எல்லையை மாத்தறதுன்னா நாடு முழுக்க பொது வாக்கெடுப்பு நடத்தித்தான் ஆகணும், வேற வழியே கிடையாது. ராணுவச் சட்டம் இருக்கும்போது பொது வாக்கெடுப்பும் நடத்த முடியாது, 157-ஆவது பிரிவுப்படி அந்த நேரத்துல அரசியலமைப்பையும் திருத்த முடியாது. அதாவது முதல்ல துப்பாக்கி நிக்கணும், அது நிலைக்கும்னு நம்பிக்கை வரணும், ராணுவச் சட்டத்தை எடுக்கணும், அப்புறம்தான் ஜனங்க கிட்ட கேக்க முடியும். ரஷ்யா முதல்ல நிலத்தை எழுதிக் கொடு, அப்புறம் நிறுத்தறேன்னு வரிசையை மாத்திக் கேக்குது. இந்த வரிசைச் சண்டை மின்ஸ்க்லயும் இருந்தது, பாரிஸ்லயும் இருந்தது, அடுத்த சமாதானத் திட்டம்னு ஏதாவது செய்தி வந்தா நீங்க முதல்ல தேட வேண்டியது அதுல எது முன்னாடி வருது எது பின்னாடி வருதுங்கறதைத்தான்.